பைடூரி: நம் நாடு சூட்டிய பெயர் தாங்கிய ராட்சதக் கோள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நிலவில்லாத சனிக்கிழமை இரவுகளில் பினாங்குத் தீவின் தெலுக் கும்பார் கடற்கரைக்குத் தொலைநோக்கியை எடுத்துப் போவேன். வியாழனையும் சனியையும் பார்க்க வருகிறவர்களிடம் பைடூரியைப் பற்றியும் சொல்வது வழக்கம். சொன்னதும் வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

டீச்சர், பைடூரின்னா என்ன? கேள்விப்பட்டதே இல்லையே.

பைடூரி ஒரு கோள். நம் சூரியனைச் சுற்றுவதல்ல. இந்தான் என்ற வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றுகிறது. வியாழனைப் போன்ற வாயுக்கோள். எடையில் வியாழனைப் போல் ஏறத்தாழ 2 மடங்கு. இங்கிருந்து சுமார் 156 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. 2008-இல் அது கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வெளியானது. அப்போது அதற்குப் பெயர் கிடையாது, எச்டி 20868 பி என்ற பட்டியல் எண்தான்.

சூரியனைத் தவிர மற்ற நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள் இன்று 6,000-க்கு மேல் உறுதி செய்யப்பட்டிருக்கின்றன. அவற்றில் மலேசியா சூட்டிய பெயரைத் தாங்கி நிற்பது இது. நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

பைடூரின்னா நம்ம வைடூரியமா?

சொல் அதேதான். வடமொழி வைடூர்யம் தமிழுக்கு வந்து வைடூரியம் ஆனது, மலாய்க்குப் போய் பைடூரி ஆனது. பொருள் மட்டும் வழியில் சற்று நகர்ந்துவிட்டது. நாம் நவரத்தினத்தில் வைடூரியம் என்று சொல்வது பூனைக்கண் கல். மலாயில் பைடூரி என்பது ஓப்பல், அதாவது திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது பல நிறம் காட்டும் கல்.

இந்தான் என்றால் வைரம். தெலுக் இந்தான் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒளிவிடும் நட்சத்திரத்துக்கு வைரம், அதைச் சுற்றும் கோளுக்கு ஓப்பல் என்று பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பெயரை யாரு வச்சது? அரசாங்கமா?

நட்சத்திரங்களுக்கும் கோள்களுக்கும் பெயரை அங்கீகரிக்கும் அமைப்பு அனைத்துலக வானியல் ஒன்றியம். அது தொடங்கி நூறாண்டு நிறைவானதை ஒட்டி, 2019-இல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஆளுக்கொரு நட்சத்திரத்தையும் அதைச் சுற்றும் ஒரு கோளையும் ஒதுக்கியது. அந்தந்த நாட்டு வானத்தில் தெரியக்கூடிய நட்சத்திரமாகப் பார்த்துத்தான் ஒதுக்கினார்கள். நாட்டுக்குள்ளே பொதுமக்களிடம் பெயர் கேட்டுத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். நமக்கு வந்தது எச்டி 20868. அந்த ஆண்டு டிசம்பரில் எல்லாப் பெயர்களும் அறிவிக்கப்பட்டன. இந்தியா தன் நட்சத்திரத்துக்கு விபா என்றும், இலங்கை தன்னுடையதற்குச் சாமய என்றும் பெயர் வைத்தன.

என் பேரனுக்கு ஒரு நட்சத்திரத்தை வாங்கி அவன் பேரை வச்சிருக்கோம். அதுவும் இப்படித்தானே?

இல்லைங்கம்மா. ஓர் அம்மா சட்டம் போட்ட சான்றிதழையே கடற்கரைக்குத் தூக்கி வந்து, அந்த நட்சத்திரத்தைக் காட்டச் சொன்னார். அதில் எழுதியிருந்த இடத்தைத் தொலைநோக்கியில் பிடித்துக் காட்டினேன், அங்கே ஒரு நட்சத்திரமும் இருந்தது. ஆனால் பேரனுடைய பெயரை அந்த நட்சத்திரத்துக்கு எந்த வானியலாளரும் வழங்குவதில்லை. அந்தப் பெயர் விற்ற நிறுவனத்தின் ஏட்டில் மட்டும்தான் இருக்கிறது. நட்சத்திரப் பெயர் விற்பனைக்கு உள்ளதல்ல என்பதை மேலே சொன்ன ஒன்றியமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. பேரன் மேல் வைத்த பாசம் நிஜம். அந்தப் பணத்துக்கு அவனுக்கு நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்பேன்.

பினாங்குல இருந்து அதைப் பார்க்க முடியுமா?

கோளைப் பார்க்க முடியாது. அதன் நட்சத்திரமான இந்தானைப் பார்க்கலாம், ஆனால் வெறுங்கண்ணால் அல்ல. இருட்டான வானத்தில் நம் கண்ணுக்கு எட்டுவது ஒளி அளவு 6 வரை. எண் கூடக் கூட மங்கல். இந்தானின் அளவு ஏறத்தாழ 10. ஜார்ஜ் டவுன் விளக்குகளுக்கு நடுவே நின்று பார்த்தால் சிறிய தொலைநோக்கியிலும் சிரமம். தீவின் தெற்குக் கரைக்குப் போனால் கடல் பக்கம் இருட்டாக இருக்கும். நான் தெலுக் கும்பாரைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்.

ஜனவரியில் இரவு 9 மணி வாக்கில் தெற்கே திரும்பி நில்லுங்கள். இடப்பக்கம், தென்கிழக்கில், தாழ்வாகப் பளிச்சென்று நிற்பது நாம் அகத்தியர் என்று சொல்லும் கனோபஸ். வலப்பக்கம் ஏறத்தாழ அதே உயரத்தில் இன்னொரு பிரகாசமான நட்சத்திரம், அக்கர்னார். இவை இரண்டையும் அடிப்பக்கமாக வைத்து மேல்நோக்கி ஒரு முக்கோணம் போட்டால், அதன் உச்சி வானத்தில் பாதி உயரத்துக்கும் சற்று மேலே வரும். அந்த வட்டாரம்தான் ஃபோர்னாக்ஸ், அதாவது உலை என்ற நட்சத்திரக் கூட்டம். கண்ணுக்கு அங்கே எதுவுமே இல்லாததுபோல் தெரியும். அந்த வெறுமைக்குள்தான் இந்தான் இருக்கிறது. வான வரைபடச் செயலியைக் கைப்பேசியில் திறந்து பட்டியல் எண்ணைப் போட்டுத் தேடினால் சரியான புள்ளி கிடைக்கும்.

நவம்பரில் அது நள்ளிரவு தாண்டி உச்சிக்கு வரும்; ஆனால் அப்போது நமக்கு மழைக்காலம். ஜனவரிதான் தோது. தைப்பூசத்தன்று முழுநிலவு, அன்றைக்கு இதற்காக வர வேண்டாம். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்விட்டு, அமாவாசையை ஒட்டி வாருங்கள்.

யாருமே பார்க்கலைன்னா, இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?

கடற்கரையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. சரியான கேள்வியும்கூட.

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். இருவர் கையைக் கோத்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்துச் சுற்றுவோமே, அதுதான். கனத்த அண்ணனும் சிறிய தங்கையும் சுற்றினால் தங்கை பெரிய வட்டம் போடுவாள். அண்ணன் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருக்கும், ஆனால் நிற்க மாட்டான். அவன் பாதத்தைக் கவனியுங்கள், மணலில் அவனும் ஒரு சிறிய வட்டம் போட்டிருப்பான். ஒருநாள் இரண்டு பிள்ளைகளை ஈர மணலில் சுற்றவிட்டு, டார்ச் அடித்துக் காலடித் தடத்தைக் காட்டினேன். பெரியவன் குதிகால் பதிந்த வளையம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. இருட்டில் தங்கை கண்ணுக்குத் தெரியாமல் போனாலும், அந்தத் தட்டு அளவு வளையத்தை வைத்தே அவன் கையை யாரோ பிடித்து இழுக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். இந்தானும் பைடூரியும் சுற்றுவது இப்படித்தான்.

இந்தான் போடும் சிறு வட்டத்தையும் நேரே பார்ப்பதில்லை. அதன் வேகத்தை அளக்கிறார்கள். நட்சத்திரத்தின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அதில் கறுப்புக் கோடுகள் தெரியும். நட்சத்திரம் நம் பக்கம் வரும்போது அந்தக் கோடுகள் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் துளி நகரும். மோட்டார் சைக்கிள் நம்மை நோக்கி வரும்போது சத்தம் கூர்மையாகவும், கடந்து போனதும் தடித்தும் கேட்கிறதே, அதே காரணம். சிலி நாட்டின் லா சில்லா மலையில் 3.6 மீட்டர் தொலைநோக்கியோடு ஹார்ப்ஸ் என்ற கருவி இருக்கிறது. நொடிக்கு ஒரு மீட்டர் வேக மாற்றத்தைக்கூட அது பிடித்துவிடும். இந்தானின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் கூடியும் குறைந்தும் வருவதையும், அது சுமார் 381 நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப நடப்பதையும் ஹார்ப்ஸ் காட்டியது. பல ஆண்டுகள் பொறுமையாக அளந்த பிறகுதான் கோள் என்று அறிவித்தார்கள்.

இந்த வழியைப் புகழ்பெறச் செய்தவர்கள் மிஷேல் மேயோர், டிடியே கெலோ என்ற இரண்டு சுவிட்சர்லாந்து வானியலாளர்கள். சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் முதல் கோளை 1995-இல் அவர்கள் இப்படித்தான் கண்டார்கள். 2019-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பைடூரிக்குப் பெயர் கிடைத்ததும் அதே ஆண்டுதான்.

பெரிய பெரிய தொலைநோக்கியெல்லாம் விண்வெளியில இருக்கே, ஒரு போட்டோ எடுக்கக் கூடாதா?

பினாங்குப் பாலம் கரைக்குக் கரை, கடல் மேல் மட்டும், 8.4 கிலோமீட்டர். பெருநிலப் பக்கம் பிறை ஊர்க் கரையில் ஒரு பளபளப்பான விளக்கு, அதிலிருந்து ஒரு கடுகு அகலம் தள்ளி ஒளி மிக மங்கிய ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். தீவுக் கரையில் நின்று இரண்டையும் பிரித்துப் படம் எடுக்க வேண்டும். பைடூரி தன் நட்சத்திரத்தை விட்டு மிக அதிகமாக விலகி நிற்கும்போதே வானத்தில் இடைவெளி அவ்வளவுதான். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால்கூட இவ்வளவு நெருக்கத்தைப் பிரிக்க முடியாது.

நேரடியாகப் படம் எடுக்கப்பட்ட கோள்களும் உண்டு. அவை தத்தம் நட்சத்திரத்திலிருந்து வெகு தூரத்தில் சுற்றுபவை, பெரும்பாலும் இளம் வயது காரணமாக இன்னும் சூடாக ஒளிர்பவை. பைடூரி அந்த வகையல்ல. இணையத்தில் "பைடூரி" என்று வண்ணமாக வரும் படங்கள் எல்லாம் கற்பனையில் வரைந்தவை.

அது சுத்துற பாதைதான் விசேஷம்னு சொன்னீங்களே, என்ன விசேஷம்?

பூமியின் பாதை கிட்டத்தட்ட வட்டம். பைடூரியின் பாதை நீண்டு ஒடுங்கிய முட்டை வடிவம். வால்மீன்களின் பாதைபோல என்றால் சட்டென்று விளங்கும். நட்சத்திரத்துக்கு மிக அருகில் வரும்போது தூரம் சுமார் 3.5 கோடி கிலோமீட்டர். நம் புதன் கோள் சூரியனிலிருந்து சராசரி 5.8 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது, அதைவிடவும் உள்ளே. மிகத் தொலைவுக்குப் போகும்போது சுமார் 24.8 கோடி கிலோமீட்டர். செவ்வாயின் சராசரித் தூரத்தையும் தாண்டிவிடும். நம் சூரிய மண்டலத்தில் வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கின் பாதைக்கும் குறுக்கே போய்வரும் ஒரு வியாழன்.

வேகமும் ஒரே சீராக இல்லை. தொலைவில் நொடிக்கு 10 கிலோமீட்டர் என்று ஊர்ந்து போகும். நட்சத்திரத்தை நெருங்க நெருங்க வேகம் பிடித்து, மிக அருகில் நொடிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் பாயும். பூமியின் வேகம் நொடிக்கு 30 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே 381 நாளில் ஏறத்தாழ ஒன்பது மாதம் பூமியின் தூரத்துக்கு வெளியேதான் கழிகிறது. புதனின் தூரத்துக்குள் வந்து வளைந்து திரும்புவதற்கு 25 நாள் போதும். இந்தானின் வேகம் திடீரென்று மாறுவதும் அந்தச் சில வாரங்களில்தான். மற்ற நாட்களில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

வெயில் கணக்கைப் பாருங்கள். இந்தான் சூரியனைவிட மங்கல். சூரியன் விடும் ஒளியில் பத்தில் மூன்று பங்குதான் விடுகிறது. நிறமும் ஆரஞ்சு. அப்படியிருந்தும் அருகில் வரும்போது பைடூரி மேல் விழும் வெயில், பூமி மேல் விழுவதைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு. தொலைவில் பூமிக்குக் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு. இரண்டுக்கும் நடுவே 49 மடங்கு வித்தியாசம். நம் பினாங்கில் ஆண்டு முழுக்க ஒரே வெக்கை என்று சொல்லிக்கொள்கிறோம். அங்கே ஒரே ஆண்டுக்குள் காற்று மண்டலம் இப்படி வெந்து தணிய வேண்டியிருக்கிறது.

எப்படி அப்படி ஒரு பாதை வந்துச்சு?

கோள்கள் பிறப்பது நட்சத்திரத்தைச் சுற்றிய வாயு, தூசித் தட்டில். அங்கே பிறக்கும்போது பாதை பெரும்பாலும் வட்டமாகவே இருக்கும். பிறகு யாராவது தள்ளியிருக்க வேண்டும். இரண்டு மூன்று ராட்சதக் கோள்கள் ஒன்றையொன்று நெருங்கினால் ஈர்ப்பினால் தள்ளுமுள்ளு நடக்கும். ஒன்று மண்டலத்தை விட்டே வெளியே வீசப்படும், மிஞ்சியது நீண்ட பாதையில் போய் விழும். தொலைவில் சுற்றும் இன்னொரு கனத்த பொருள் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பாதையை நீட்டுவது இன்னொரு வழி. நீள்பாதைக் கோள்கள் பலவற்றுக்கு இந்த இரண்டு காரணங்களைத்தான் வானியலாளர்கள் முதலில் ஆராய்கிறார்கள். எனக்கு முதலாவதன் மேல்தான் சாய்வு அதிகம்.

வியாழனைவிட 2 மடங்கு கனம்னா, 2 மடங்கு பெருசா இருக்குமா?

இருக்காது. வியாழன் அளவுக்கு வந்த பிறகு, மேலும் வாயுவைச் சேர்க்கச் சேர்க்கக் கோள் பருப்பதில்லை, உள்ளே இறுகுகிறது. பஞ்சு மெத்தை மேல் இன்னொரு மெத்தையை வைத்தால் அடியில் இருப்பது அமுங்குமே, அதுபோல. வியாழன் பூமியைப் போல் 318 மடங்கு கனம். பைடூரி 630 மடங்குக்கு மேல். ஆனால் குறுக்களவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும் என்பதுதான் வாயுக்கோள்களின் இயற்பியல் சொல்லும் கணக்கு.

"குறைந்தபட்சம்" 2 மடங்குன்னு சில இடத்துல போட்டிருக்கே, ஏன் அந்த இழுப்பு?

படிவம் ஆறு மாணவி ஒருத்தி கேட்டது. தட்டாமாலையை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் அண்ணன் நம் பக்கம் வருவதும் விலகுவதும் முழுசாகத் தெரியும். மாடியிலிருந்து நேர் கீழே பார்த்தால்? அவன் சுற்றுவான், ஆனால் நம்மை நோக்கி வரவும் மாட்டான், விலகவும் மாட்டான். ஹார்ப்ஸ் அளப்பது வருவதையும் விலகுவதையும் மட்டும். பாதை நமக்கு எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதை அந்த அளவு மட்டும் சொல்லாது. பாதை சாய்ந்திருந்தால், தெரிந்த அசைவு உண்மை அசைவில் ஒரு பகுதிதான். கோள் கணக்கிட்டதைவிடக் கனமாக இருக்கும். அதனால்தான் எடையின் கீழ் எல்லையை மட்டும் உறுதியாகச் சொல்கிறார்கள்: வியாழனைப் போல் 1.99 மடங்கு.

அப்போ புளூட்டோ மாதிரி இதையும் ஒருநாள் கோள் இல்லைன்னு தூக்கிடுவாங்களா?

புளூட்டோ 2006-இல் வகை மாறியதற்குக் காரணம் அது சிறியது, தன் பாதையைச் சுற்றிய மற்ற பொருள்களை அப்புறப்படுத்தும் ஈர்ப்பு அதற்கு இல்லை. பைடூரிக்கு அந்தக் கவலை கிடையாது. அதற்கு எல்லை மறுபக்கம். வியாழனைப் போல் சுமார் 13 மடங்கு எடையைத் தாண்டினால் உள்ளே கன ஹைட்ரஜன் எரியத் தொடங்கும். அப்போது அதைப் பழுப்புக் குள்ளன் என்பார்கள். மேலே சொன்ன சாய்வுக் கணக்கில், பைடூரி அந்த எல்லையைத் தொட வேண்டுமானால் பாதை ஏறத்தாழ முழுக்க மாடியிலிருந்து பார்ப்பதுபோல் அமைந்திருக்க வேண்டும். அப்படி அமைவது அரிது.

அங்கேயும் ஒரு வருஷம் கிட்டத்தட்ட நம்ம வருஷம்தானே, மனுஷன் வாழலாமா?

ஆண்டின் நீளம் பொருந்துவது உண்மை. நம்மைவிடப் பதினைந்தரை நாள்தான் கூடுதல். இங்கே 60 வயதானவருக்கு அந்தக் கணக்கில் 57 முடிந்திருக்கும். மற்றது எதுவும் பொருந்தாது. கால் வைக்கத் தரையே இல்லை. உள்ளே போகப் போக அழுத்தமும் சூடும் ஏறும் ஹைட்ரஜன், ஹீலியம் மட்டும்தான். பக்கத்தில் பூமி மாதிரி ஒரு கோள் இருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் குறுக்கே பாயும் இந்த ராட்சதன் அதை நிலையாக இருக்கவிடாது.

இது எந்த ராசியில இருக்கு? ஜாதகத்துல சேர்ப்பாங்களா?

சூரியனும் நிலவும் கோள்களும் போகும் வான்பாதையை ஒட்டியவைதான் பன்னிரண்டு ராசிகள். இந்தான் அந்தப் பாதைக்கு வெகு தெற்கே இருக்கிறது, எந்த ராசிக் கூட்டத்துக்குள்ளும் வராது. நவக்கிரகம் என்று நம் பெரியவர்கள் எண்ணியது கண்ணுக்குத் தெரிந்த ஏழும், நிலவின் பாதை சூரியன் பாதையை வெட்டும் இரு புள்ளிகளான ராகு, கேதுவும். கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டு புள்ளிகளையும் கணக்குப் போட்டுக் கிரகணம் சொன்னார்கள் என்பதை நான் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்வேன்.

156 ஒளியாண்டுன்னா எவ்வளவு தூரம்? போய்ச் சேர எவ்வளவு நாளாகும்?

வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் போனால் 27 லட்சம் ஆண்டு. ஒளிக்கே 156 ஆண்டு. இன்றிரவு தொலைநோக்கிக்குள் விழும் இந்தானின் வெளிச்சம், 1870 வாக்கில் அங்கிருந்து புறப்பட்டது. அப்போது சூயஸ் கால்வாய் திறந்த புதிது. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தத்தில் வந்த நம் ஆட்கள் வெட்டுக் கத்தியோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒருநாள் இதைச் சொன்னபோது பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஒரு பெரியவர், தன் பாட்டனாரின் தகப்பன் அந்தத் தோட்டமொன்றுக்குத்தான் வந்து இறங்கினார் என்று சொல்லிவிட்டு, வரிசையில் மறுபடி நின்று இன்னொரு தடவை பார்த்தார்.

பாட்டி டீச்சர், அங்க யாராச்சும் இருந்தா நம்மளக் கண்டுபிடிப்பாங்களா?

இரண்டாம் வகுப்புப் பையன் கேட்டது. நல்ல பைனாகுலர் இருந்தால் அங்கிருந்து சூரியன் தெரியும். ஒளி அளவு சுமார் 8. ஹார்ப்ஸ் போன்ற கருவி அவர்களிடம் இருந்து, பக்கவாட்டிலிருந்து பார்க்க வாய்த்தால், சூரியன் நொடிக்கு 12 மீட்டர் அசைவதைக் காண்பார்கள். வியாழன் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 12 ஆண்டு எடுப்பதால் அத்தனை ஆண்டு விடாமல் அளக்க வேண்டும். அளந்தால் வியாழன் இருப்பது தெரிந்துவிடும்.

பூமி சூரியனை அசைப்பது நொடிக்கு 9 சென்டிமீட்டர். ஹார்ப்ஸால் அதைப் பிடிக்க முடியாது. பையனை மணலில் ஒரு சாண் அளக்கச் சொன்னேன். அவன் கைச்சாண் 14 சென்டிமீட்டர் வந்தது. அதைவிடக் குறைவா என்று கேட்டான். ஆமாம், அதைவிடக் குறைவு.